கணிப்பை மீறிக் குணமான ரெஜினா

மருத்துவ வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுதியாக வேண்டும்: விருத்தாசலத்தில் எங்கள் முன்கணிப்புப் பிரிவு தொடங்குவதற்கு முன், தொடங்கியதற்குப் பின். முன்னது இருண்ட காலம். அப்போது உலகம் முழுவதும் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. நோயாளிக்கு மருந்து கொடுப்பார்கள். பிறகு குணமாகிறதா என்று பார்ப்பார்கள். படித்த டாக்டர்களே இப்படிச் செய்தார்கள் என்றால் பாருங்கள்! நாங்கள் அந்த வரிசையை மாற்றினோம். குணமாகுமா என்பதை முதலில் முடிவு செய்தோம். மருந்து கொடுப்பதைப் பற்றி அப்புறம் யோசித்தோம். பெரும்பாலும் யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள். ஆகவே அடக்கமாக இருந்துவிடுகிறேன். என் பெயர் பாக்கியநாதன். பதினெட்டு ஆண்டுகள் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தராகத் தேய்ந்து, இப்போது முன்கணிப்புக் குழுவின் செயலாளராக உயர்ந்திருக்கிறேன். சம்பளம் அதே எழுத்தர் சம்பளம்தான். குழுவில் மூன்று பேர்: இயக்குநர் டாக்டர் திருமால், ஊசி அறையின் தலைமைச் செவிலியர் சிவசங்கரி, நான். நான்காவது உறுப்பினர் கணினி. அதற்கு மட்டும்தான் ஓட்டு உண்டு.

விஷயம் இதுதான். கைகால் மூட்டுகள் வீங்கி, விரல் மடங்காமல் போகும் வாத நோய்க்குப் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது. ஆளுக்கு நான்கு ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. வெளியூர் அறக்கட்டளை ஒன்று இருநூறு பேருக்குத் தேவையான ஊசிகளை எங்களுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: "மருந்து வீணாகாமல் பார்த்துக்கொள்ளவும்." நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனைக்கு ஒரு கேடயமும் உண்டாம்.

சாதாரண மனிதர்கள் என்றால் இருநூறு பேரைக் கூப்பிட்டு ஊசியைப் போட்டு முடித்திருப்பார்கள். டாக்டர் திருமால் சாதாரண மனிதர் அல்ல. அவர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் கூட்டத்தைக் கூட்டினார்.

"பாக்கியநாதன், இந்த ஊசி எல்லாருக்கும் பலன் தராது. உலகத்துல எந்த மருந்தும் எல்லாருக்கும் பலன் தராது. பலன் தராத ஆளுக்குப் போடுற ஊசிக்கு என்ன பேரு?"

"ஊசிதான் டாக்டர்."

"வீண்! அதுக்குப் பேரு வீண். யாருக்குப் பலன் தராதுன்னு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா?"

"அவங்களுக்குப் போட வேண்டியதில்ல."

"கேடயம் நமக்குத்தான்," என்றார் டாக்டர்.

அந்த வாரமே டை கட்டிய ஒருவர் சென்னையிலிருந்து வந்து "நற்கணிப்பு" என்னும் மென்பொருளை எங்கள் கணினியில் இறக்கிவிட்டுப் போனார். இதை யாரும் ஜோசியம் என்று சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டோம். ஜோசியர் தப்பாகச் சொன்னால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். கணினியை யார் கேட்பது?

நற்கணிப்புக்குத் தானாக எதுவும் தெரியாது. பழைய பதிவேடுகளைப் படித்துத்தான் கற்றுக்கொள்ளும். அதற்கு ஏழு ஆண்டுப் பதிவேடுகளை ஊட்டி வளர்த்தவன் அடியேன்தான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சிக்கல். "பலன்" என்ற கட்டம் பாதிப் பேருக்கு மேல் காலியாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வந்து பாதியில் வராமல் நின்றவர்கள். காலிக் கட்டத்தைக் கணினி சாப்பிடாது என்றார் டை கட்டியவர். வராதவனின் பலனை எப்படி எழுதுவது? எனக்கு ஒரு வழி தோன்றியது. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு "பலன் உண்டு" என்று போட்டேன். பலன் இல்லாமலா மெனக்கெட்டு வருகிறார்கள்? வராமல் நின்றுவிட்டவர்களுக்கு "பலன் இல்லை" என்று போட்டேன்.

"சார், உடம்பு சரியாப் போனவங்கதான் வர மாட்டாங்க," என்று சிவசங்கரி ஒரு சந்தேகம் கிளப்பினார். "சரியாவாதவங்கதான் சும்மா சும்மா வந்துகிட்டு இருப்பாங்க."

நியாயமான சந்தேகம்தான். ஆனால் எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கணினி ஒரு முழுப் பகல் யோசித்துவிட்டு அறிவித்தது: இருநூறு பேரில் அறுபத்தொரு பேருக்குப் பலன் உண்டு, நூற்று முப்பத்தொன்பது பேருக்குப் பலன் இல்லை. பலன் இல்லாதவர்களில் பெரும்பாலோர் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள், கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து விவசாயக் கூலிகள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, கொஞ்சம் தேறியதும் வேலைக்கு ஓடிவிடுகிற கூட்டம். பலன் உண்டு என்ற பட்டியலில் முதல் இடம் மங்கலம்பேட்டைப் பாத்திரக் கடை முகம்மது கனி பாய்க்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாய் நான்கு வருடத்தில் அறுபத்து மூன்று தடவை வந்திருக்கிறார். ஒரு தடவைகூடக் குணமானதில்லை.

மீதி நூற்று முப்பத்தொன்பது பேரின் ஊசிகளைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டினோம். மார்ச் மாதம் காலாவதியாகும் வரை அவற்றில் ஒரு சொட்டுகூட வீணாக வாய்ப்பே இல்லை.

இனி அடையாளம். யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று காகிதச் சீட்டு கொடுத்தால் வேட்டி மடிப்பில் நைந்துபோகும். வேறு ஊராக இருந்தால் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருப்பார்கள். எங்கள் ஊர் பீங்கான் ஊர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் இருநூறு பீங்கான் வில்லைகள் செய்து வாங்கினோம். ஒவ்வொன்றிலும் எண் பள்ளமாகப் பதித்திருக்கும். தண்ணீரில் நனையாது, கிழியாது, அடுத்த தலைமுறைக்கும் வரும்.

பலன் உள்ளவர்களுக்கு வெள்ளை வில்லை. பளபளவென்று கண்ணாடிப் பூச்சு. பலன் இல்லாதவர்களுக்கு "பிஸ்கட்". தின்கிற பிஸ்கட் அல்ல. ஒரு தடவை மட்டும் சூளையில் சுட்டு, பூச்சுப் பூசாமல் சொரசொரவென்று மங்கலாக இருக்கிற சரக்குக்குப் பேட்டையில் அதுதான் பெயர். "அவங்களுக்கு எதுக்குப் பாலிஷு?" என்றார் டாக்டர் திருமால்.

கையோடு விதிகளையும் நான்தான் எழுதினேன். எல்லாமே நல்ல விதிகள். ஆனால் ஏழாம் விதியில் என்னையே நான் மிஞ்சிவிட்டேன்: "வில்லையின் நிறமே இறுதியானது. வெள்ளை வில்லை கொண்டுவருபவருக்கு ஊசி மறுக்கப்படக் கூடாது. பிஸ்கட் வில்லை கொண்டுவருபவருக்கு ஊசி போடப்படக் கூடாது. இது குறித்து நோயாளி, மருத்துவர், செவிலியர் உட்பட எவருடைய வாய்ச்சொல்லும் ஏற்கப்படமாட்டாது." டாக்டர் அதை மூன்று தடவை படித்துவிட்டு என் கையைக் குலுக்கினார்.

வில்லை வழங்கும் விழா சிறப்பாக நடந்தது. ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தோம். பிஸ்கட் வாங்கியவர்களுக்கும் கைதட்டினோம். பாகுபாடு காட்டுவது எங்களுக்குப் பிடிக்காது.

விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரெஜினா வந்தாள். எங்கள் பங்குக் கோயில்காரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் வீட்டுக்காரிக்கு அடுத்த வரிசையில் உட்காருகிறவள். கையில் பிஸ்கட் வில்லை, எண் 117.

"அண்ணே, இதப் பாருங்க. எனக்குப் பலன் இல்லைன்னு சொல்லிட்டாங்களாம்."

"யாரும் சொல்லலம்மா. கணிப்பு."

"கணிப்பு என் கையப் பாத்துச்சா?" என்று இரண்டு கையையும் நீட்டினாள். விரல் முட்டிகள் வீங்கி, பாதிதான் மடங்கின. "நான் பேட்டையில தரம் பிரிக்கிற வேலை பாக்கறன். கரண்டு பொட்டியில மாட்டற பீங்கான் ஃபியூஸ் கேரியர் வரும்ல, சூளையிலேர்ந்து? ரெண்டு ரெண்டா எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாக்கணும். மணி மாதிரி டங்குன்னா நல்ல சரக்கு. டொக்குன்னா உள்ளாற விரிசல். ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டணும். இப்ப நானூறு தட்டறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துருது. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம், அதுக்கப்புறம் வேற ஆள வெச்சிக்கறோம்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. வூட்டுல எனக்குத் தலைகூட ஃப்ளோராதான் பின்னி வுடுது. பொண்ணுக்கு நான் பின்னி வுட்ட காலம் போயி."

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கணினியைத் தட்டிக் காரணத்தைப் பார்த்துச் சொன்னேன். "மூணு வருஷத்துக்கு முன்னாடி காய்ச்சல்னு வந்திருக்க. ரெண்டாவது தடவை வரச் சொல்லி இருக்குது. வரல. பலன் இல்லைன்னு பதிவாகி இருக்குது."

"காய்ச்சல்தான் விட்டுப்போச்சே அண்ணே! அப்புறம் எதுக்கு வருவாங்க?"

"அத வந்து சொல்லி இருக்கணும்."

"உடம்பு சரியாப் போச்சுன்னு சொல்றதுக்கு ஒரு நாள் கூலிய வுட்டுட்டு வரணுமா?"

ஏழாம் விதியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வில்லையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குப் போன இடத்தில் ரெஜினா டீ குடிக்கப் பையைத் திறந்திருக்கிறாள். வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். மேஜை முழுக்கச் சுட்டு முடித்த வெள்ளைச் சரக்கு. அந்தப் பக்கமாக வந்தவர் பூச்சுப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்க்கும் கலியமூர்த்தி. முடிந்த சரக்குக்கு நடுவே ஒரு பிஸ்கட் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. யாரோ பூச்சுப் பூச மறந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். வில்லையை எடுத்தார், பூச்சுத் தொட்டியில் முக்கினார், அடியை ஈரப் பஞ்சால் துடைத்தார், மற்றதோடு சேர்த்துச் சூளை வண்டியில் ஏற்றிவிட்டார். என்ன எண், எதற்கு, யாருடையது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. பிஸ்கட்டாக ஒரு சாமான் உலகத்தில் மிச்சம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் வேலை.

மூன்றாம் நாள் ரெஜினா எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் எண் 117. வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. இது என்னோட பிஸ்கட்டுதான். நம்ம கலியமூர்த்தி அண்ணன் தெரியாம..."

"நிறுத்தும்மா," என்றேன். "உன் கையில இருக்கறது என்ன நிறம்?"

"வெள்ளைதான். ஆனா..."

"வெள்ளைன்னா ஊசி அறை இந்தப் பக்கம்."

"ஐயோ, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. பொய் சொல்லி ஊசி போட்டுக்கிட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

"நோயாளியின் வாய்ச்சொல் ஏற்கப்படமாட்டாது. விதி ஏழு. முந்தாநாளுதான் உனக்கு வாசிச்சுக் காட்டினேன்," என்று கண்டிப்பாகச் சொன்னேன். விதி என்று வந்துவிட்டால் நான் பங்குக் கோயில், பக்கத்து வரிசை என்றெல்லாம் பார்ப்பதில்லை.

ஆக, உண்மையைச் சொல்ல வந்தவள் ஊசியோடு திரும்பினாள்.

அடுத்த ஐந்து வாரம் முன்கணிப்புப் பிரிவின் பொற்காலம். முதல் அறிக்கையிலேயே துல்லியம் நூறு விழுக்காடு. பிஸ்கட்காரர்களுக்குப் பலன் இல்லை என்று கணித்தோம். ஒருவருக்கும் பலன் இல்லை. போய் விசாரித்தும் பார்த்தோம். வலியோடுதான் இருந்தார்கள். அசந்துபோனோம். ஊசியையே கண்ணால் பார்க்காத ஆட்களைப் பற்றி, அந்த ஊசி அவர்களுக்கு என்ன செய்யும் என்று ஒரு கணினி இவ்வளவு கறாராகச் சொல்கிறது என்றால் அறிவியலின் வளர்ச்சியை என்னவென்பது!

ரெஜினாவை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. விசாரணைக்குப் போனவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவள் வேலையில் இருந்தாள். "வீட்டில் இல்லை" என்பதைப் "பலன் இல்லை" கட்டத்தில் சேர்த்துக்கொண்டோம்.

வெள்ளை வில்லைக்காரர்களிடம்தான் சிறு தொந்தரவு. சிலர் குணமாக மறுத்தார்கள். அவர்களுக்கு "ஒத்துழைப்பு ஆலோசனை" என்று ஒன்று நடத்தினோம். முகம்மது கனி பாயை நானே உட்காரவைத்துப் பேசினேன்.

"பாய், வலி எப்படி இருக்குது?"

"அப்படியேதான் இருக்குது சார். முட்டிய மடக்க முடியல."

"கணிப்புப்படி உங்களுக்கு வலி இல்ல. தொண்ணூத்தெட்டு விழுக்காடு."

"மீதி ரெண்டு விழுக்காடுதான் இங்க வலிக்குது போலிருக்குது."

"இப்படிச் சொன்னா எப்படி? டாக்டரு எவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்காரு!"

பாய் பெருந்தன்மையான மனிதர். தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "உங்களுக்குச் சங்கடம் வேணாம். வலி இல்லைன்னே எழுதிக்குங்க. ஆனா கீழ எறங்கறதுக்கு மட்டும் ரெண்டு ஆள வந்து தூக்கச் சொல்லுங்க. துபாயிலேர்ந்து எம் மவன் இஜாஸு கேட்டா, கணிப்புப்படி வாப்பா நடந்துதான் வந்தாருன்னு சொல்லிடறேன்."

நான் எழுதிக்கொண்டேன். இரண்டு ஆளையும் அனுப்பிவைத்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை இடி விழுந்தது. மூன்றாவது ஊசி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ரெஜினா ஒரு துணிப் பையோடு என் அறைக்கு வந்தாள். பையிலிருந்து இரண்டு ஃபியூஸ் கேரியரை எடுத்தாள். டங். இன்னும் இரண்டு. டங். டங். டங். மடமடவென்று தட்டிக்கொண்டே போனாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நேத்து மூவாயிரத்து எட்டுநூறுண்ணே! சூப்பர்வைசரு கடியாரத்தப் பாக்கறாரு, என்னப் பாக்கறாரு. காலையில ஃப்ளோராவுக்கு நான் தலை பின்னி வுட்டேன். ரெட்டப் பின்னலு!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே பதிவேட்டைப் புரட்டினேன். நூற்றுப் பதினேழு: கணிப்பு, பலன் இல்லை. நூறு விழுக்காடு போயிற்று. இவ்வளவு நாள் கட்டிக்காத்த துல்லியத்தை ஒருத்தி ரெட்டைப் பின்னல் போட்டுக் கெடுத்துவிட்டாள்.

டாக்டர் திருமால் அவசரக் கூட்டம் கூட்டினார். பொருள்: "நோயாளி எண் 117 குணமான சம்பவம்." வில்லை எப்படி வெள்ளையானது என்று கலியமூர்த்தியை வரவழைத்துக் கேட்டோம். "பிஸ்கட்டா கெடந்துச்சுங்க, பூசிட்டேன்," என்றார். வேறு நோக்கம் உண்டா என்று கேட்டோம். "வேற என்ன நோக்கம்? பிஸ்கட்டா கெடந்துச்சுங்க," என்றார். மூன்று விதமாகக் கேட்டும் அவர் ஒரே விதமாகத்தான் சொன்னார். அடுத்து ரெஜினா.

"இப்படிக் குணமானதுக்கு என்ன விளக்கம் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"ஊசி போட்டீங்க டாக்டரு."

"அது காரணம் ஆகாது. உங்களுக்கு அது பலன் தராது."

"தந்திருச்சுங்களே."

டாக்டர் தாளில் கணக்கிட்டார். "நாலாவது ஊசி வர்ற திங்கக்கிழமை. அத நிறுத்திடலாம். நிறுத்தினா ரெண்டு மாசத்துல விரலெல்லாம் பழையபடி ஆயிடும். அறக்கட்டளைக்காரங்க பாக்க வர்றப்ப கணிப்பு சரியா இருக்கும். கொஞ்ச நாளுதானே, நீங்க ஒத்துழைக்கணும்."

ரெஜினா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"டாக்டரு, நானும் தரம் பிரிக்கிறவதான். இருவது வருஷமா. ஆனா பச்ச மண்ணப் பாத்து எது தேறும், எது வெடிக்கும்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. சூளைக்குள்ள போயிட்டு வரணும். அப்புறம்தான் தட்டிப் பாத்து நல்லது, ஓட்டைன்னு சொல்லுவோம். நீங்க எங்கள சூளைக்கே அனுப்பாம விரிசல்னு எழுதி ஓரமா அடுக்கிட்டீங்க. அப்புறம் தெனம் வந்து பாத்துட்டு, 'நாம சொன்னாப்புல இதுல ஒண்ணுகூட சரக்கா ஆவல பாரு'ன்னு கை தட்டிக்கிறீங்க."

"நோயாளி உணர்ச்சிவசப்பட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் டாக்டர்.

குறித்துக்கொண்டேன். என் முகம் கூசியது. அந்த நூற்று முப்பத்தொன்பது பேரையும் "பலன் இல்லை" என்று எழுதியவை என் கைகள்தான். அதைக் குறித்துக்கொள்ளக் கட்டம் இல்லை.

அப்போது சிவசங்கரி தொண்டையைச் செருமினார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர்.

"டாக்டர், ஊசிய நிறுத்த முடியாதுங்க. வெள்ளை வில்லை கொண்டுவருபவருக்கு ஊசி மறுக்கப்படக் கூடாது. விதி ஏழு."

"அதான் பிஸ்கட்டுன்னு இப்ப தெரிஞ்சு போச்சே!"

"யாருக்குத் தெரிஞ்சுது? கலியமூர்த்தி அண்ணன் சொன்னாரு, இந்தம்மா சொன்னாங்க, நீங்க சொல்றீங்க. எல்லாம் வாய்ச்சொல்லு. மருத்துவர் உட்பட எவருடைய வாய்ச்சொல்லும் ஏற்கப்படமாட்டாதுன்னு சார் எழுதியிருக்காரு."

டாக்டர் திருமால் என்னைப் பார்த்தார். "பாக்கியநாதன்?"

விதியை மாற்ற வழி இருந்தது. ஒரு வரி எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். நான் பேனாவைத் திறந்தேன். ரெஜினாவின் விரல்களைப் பார்த்தேன். மேஜைமேல் பத்தும் தனித்தனியாக, ஒழுங்காக மடங்கி இருந்தன. பேனாவை மூடினேன்.

"விதி விதிதான் டாக்டர்," என்றேன். "நீங்க மூணு தடவ படிச்சிட்டுக் கை குலுக்கினீங்க."

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நான்காவது ஊசி போடுவதற்காக ரெஜினா வந்தாள். தனியாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஊசி அறையில் தொடங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, வாசல் இறங்கி, பஸ் நிறுத்தம் வரை. பேட்டை ஆட்கள், கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கள், பெண்ணாடத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள். பூவாயி என்ற அம்மாளை மகன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து உருட்டிக்கொண்டு வந்திருந்தான். நூற்று முப்பத்தெட்டுப் பேர். எல்லார் கையிலும் வில்லை. எல்லாம் வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெஜினா நடந்ததைக் கோயில் வாசலில் சொன்னாளாம். அது ஊர் முழுக்கப் பரவி, அன்றே எல்லாரும் பேட்டைக்குப் போயிருக்கிறார்கள். கலியமூர்த்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிந்த சரக்கு அடுக்கிய மேஜைமேல் தங்கள் பிஸ்கட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

சிவசங்கரி முதல் வில்லையை வாங்கியதும் சட்டென்று இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சார், இது இன்னும் சுடுது."

"நிறம் என்ன?"

"வெள்ளை."

"சூடு பற்றி விதியில் எதுவும் இல்லை," என்றேன். குளிர்பெட்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது ஜனவரி. ரெஜினா வேலையில் இருக்கிறாள். கிறிஸ்மஸ் கழித்து வேறு ஆளை வைக்கவில்லை. நூற்று முப்பத்தொன்பது பிஸ்கட்காரர்களில் தொண்ணூற்றிரண்டு பேர் தேறிவிட்டார்கள். நாற்பத்தேழு பேர் தேறவில்லை. அவர்களுக்கு வேறு மருந்து பார்க்கிறோம். ஆரம்பத்திலேயே வெள்ளை வாங்கிய அறுபத்தொரு பேரில் முப்பத்து நான்கு பேர் நிஜமாகவே தேறினார்கள். கனி பாய் தேறவில்லை. அறுபத்தொன்பதாவது தடவையாக நேற்று வந்து, ஏ.சி. நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். கூட்டிப் பார்த்தால் நற்கணிப்பின் துல்லியம் நூறிலிருந்து நாற்பதரைக்கு விழுந்துவிட்டது. டாக்டர் திருமால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அறக்கட்டளையிலிருந்து படிவம் வந்திருக்கிறது. "துல்லியம் குறைந்ததற்கான காரணம்" என்று ஒரு கட்டம். மென்பொருளையும் குறை சொல்லக் கூடாது, மருத்துவமனையையும் குறை சொல்லக் கூடாது, உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். பதினெட்டு வருட அனுபவம் கைகொடுத்தது. அழகான கையெழுத்தில் எழுதினேன்: "நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது."

கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. படிவம் அதோடு முடிந்திருந்தது. அளவுகோலை எடுத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக நானே ஒரு கட்டம் போட்டேன். "முன்பு துல்லியம் நூறு விழுக்காடாக இருந்ததற்கான காரணம்" என்று தலைப்புக் கொடுத்து, உள்ளே எழுதினேன்:

"மேற்படி மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது."